விடுபட்ட சொல்: வேதாகமத்திலிருந்து பேச்சுக்கு வந்தவை

பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பது, நாம் அன்றாடம் பேசும் பேச்சில் வேதாகமத்திலிருந்து வந்தவை எவை என்று. அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. ஆனால் எங்கள் அச்சகத்துக்கு வந்த வேலையில் பாதி ஜெபப் புத்தகம், பாட்டுப் புத்தகம், வசன அட்டை, ஆலய ஆண்டறிக்கை. மெய்ப்பு பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துப் போக வேண்டும். எனக்குப் படித்துக்காட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. 'கேளுங்கள் கமா அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும் அரைப்புள்ளி தேடுங்கள் கமா' என்று நிறுத்தக்குறியையும் சேர்த்தே படிப்பார். வசனங்கள் என் காதில் ஏறியது அப்படித்தான்.

மெய்ப்புக்காரனுக்கு எழுத்துப் பிழையைவிடப் பயம் விடுபட்ட சொல். பிழை கண்ணை உறுத்தும். விடுபட்டது உறுத்தாது, வாக்கியம் ஒழுங்காக இருப்பதுபோலவே நிற்கும். பேச்சுக்கு வந்த வசனங்களிலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ஊர் ஊருக்குச் சுவரிலும் பாறையிலும் 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்று எழுதியிருக்கிறார்களே, அது எங்கே வருகிறது? 'சம்பளம்' என்ற சொல் அந்த இடத்தில் பொருந்துகிறதா?
- சிவகாசி வாசகர்

ரோமருக்கு எழுதின நிருபம், 6ஆம் அதிகாரம், 23ஆம் வசனம். சம்பளம் என்பது அங்கே மிகப் பொருத்தமான சொல். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் படைவீரனுக்குக் கொடுக்கும் படியையும் கூலியையும் குறிப்பது. அதே சொல் லூக்கா 3ஆம் அதிகாரத்திலும் வருகிறது. போர்ச்சேவகர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க, அவர் 'உங்கள் சம்பளமே போதும்' என்று இருக்கச் சொல்கிறார். தமிழில் இரண்டு இடத்திலும் சம்பளம்தான். மாதக் கடைசியில் ஒவ்வொரு வீட்டிலும் புழங்கும் சொல்லையே எடுத்துப் போட்டார்கள், அதனால்தான் அது சுவருக்கு வந்தது.

ஆனால் சுவரில் இருப்பது பாதி வசனம். மீதி இது: 'தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்.' சம்பளம் உழைத்துப் பெறுவது, வரம் உழைக்காமல் கிடைப்பது. அந்த இரண்டு சொல்லையும் எதிரெதிரே நிறுத்துவதற்காகவே எழுதிய வாக்கியம் இது. சுவரில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் போகிறவனுக்கு அது வெறும் மிரட்டலாகத்தான் தெரியும். ஒரு முறை வசன அட்டை ஒன்றில் இடம் போதவில்லை என்று பின்பாதியை வெட்டி மூலப்படி வந்தது. அக்கா படித்துக்கொண்டே வந்தவர், 'மரணம்' என்றதும் நிறுத்திவிட்டார். "ஆறுதல் பாதியை எடுத்துட்டாங்களே தம்பி" என்றார். எழுத்தைச் சிறிதாக்கி முழு வசனத்தையும் போட்டோம்.

'கீழ்நிலை ஊழியரைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள்' என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள். பலிகடா வேதாகமச் சொல்தானா?
- தாம்பரம் வாசகி

சொல் நம்முடையது. பொருள் அங்கிருந்து வந்தது.

நம் ஊர்க் கொடைகளில் கிடா வெட்டைப் பார்த்திருப்பீர்கள். மாலை போட்டு நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். அது சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. அதன் தலையில் யாருடைய குற்றத்தையும் ஏற்றி வைப்பதில்லை.

குற்றத்தை ஏற்றுவது லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் வருகிறது. வருஷத்துக்கு ஒரு நாள், இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். ஒரு சீட்டு விழுந்த கடா பலி. இன்னொன்றை உயிரோடு நிறுத்தி, ஆசாரியனாகிய ஆரோன் தன் இரண்டு கைகளையும் அதன் தலையில் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அவற்றை அதன் தலைமேல் சுமத்தி, ஓர் ஆள் கையில் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இந்த இரண்டாவது ஆட்டுக்குப் பழைய தமிழ் வேதாகமத்தில் ஒரு பெயர் இருக்கிறது: போக்காடு. எத்தனை அழகான சொல் பாருங்கள்! போக்கு, ஆடு. போகவிட்ட ஆடு.

எபிரெயத்தில் அந்த இடத்தில் 'அசாசேல்' என்று இருக்கிறது. அதைப் 'போய்விடும் ஆடு' என்று பிரித்துப் பொருள் கொண்டார்கள். வில்லியம் டிண்டேல் 1530இல் மோசேயின் ஆகமங்களை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது 'ஸ்கேப்கோட்' என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். தப்பிப் போன ஆடு என்று பொருள். பிறர் குற்றத்தைச் சுமப்பவன் என்ற இன்றைய பொருள் அந்த ஆங்கிலச் சொல்லின் வழியாகத்தான் நம் செய்தித்தாள்களுக்கு வந்தது. மொழிபெயர்த்தவர்கள் கைக்கு எட்டிய 'பலிகடா'வைப் போட்டுவிட்டார்கள். அதில் விடுபட்டுப்போனது ஒன்று: குற்றம் சுமந்த ஆட்டை அந்த அதிகாரத்தில் யாரும் வெட்டுவதில்லை. பிற்காலத்தில் அதை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டதாக யூதர்களின் மிஷ்னா நூல் சொல்கிறது. லேவியராகமத்தில் அது உயிரோடு நடந்துதான் போகிறது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் ஒரு வருஷம் நாட்காட்டியில் ஓர் அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டது. வந்த மூலப்படியிலேயே தவறு. நானும் அதைக் கவனிக்காமல் விட்டேன். வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தபோது, அச்சுக்கோத்த பதினெட்டு வயதுப் பையன்தான் காரணம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மறுநாள் அவன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. அனுப்பினார்கள், அவ்வளவுதான். நான் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. ஆரோன் கை வைத்த இடத்தில் என் கையும் இருந்தது. அதற்கப்புறம் லேவியராகமம் 16 மெய்ப்புக்கு வந்தபோதெல்லாம் எனக்கு அந்தத் தூக்குச்சட்டிதான் ஞாபகத்துக்கு வரும். செய்தித்தாள்காரர்கள் போக்காடு என்ற சொல்லை ஒரு முறையாவது எழுதிப்பார்க்க வேண்டும் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியென்றால் 'கறுப்பு ஆடு'?
- அதே வாசகி, பின்குறிப்பில்

அது வேதாகமத்து ஆடு அல்ல. ஆங்கிலேயர்களின் கம்பளி வியாபாரத்தோடு சேர்ந்தது. கறுப்பு ரோமத்துக்குச் சாயம் ஏறாது, அதனால் மந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு. ஆதியாகமம் 30இல் கறுத்த ஆடுகள் வருகின்றன, ஆனால் அங்கே யாக்கோபு அவற்றைத் தன் கூலியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நம் நாட்டிலும் கறுப்பு ஆட்டுக்கு ஒரு குறையும் கிடையாது. 'திருச்சி கறுப்பு' என்று ஓர் ஆட்டினமே இருக்கிறது.

'ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு' என்றது காந்திஜிதானே? எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு வாக்குவாதம்.
- கரூர் வாசகர்

இயேசு மலைமேல் செய்த பிரசங்கத்தில் வருவது அது, மத்தேயு 5:39. காந்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. லண்டனில் சட்டம் படித்த நாட்களில் அவர் பைபிளை வாங்கிப் படித்தார். பழைய ஏற்பாட்டில் சில பகுதிகள் அவருக்குத் தூக்கத்தைத்தான் தந்தன. மலைப்பிரசங்கம் நேராக நெஞ்சில் புகுந்துவிட்டது என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். கீதையோடும் அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார். தண்ணீர் தந்தவனுக்கு விருந்து படை என்று குஜராத்திக் கவி ஷாமள் பட் பாடியதும் அப்போது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு தரப்பும் முழுத் தவறு இல்லை.

இங்கேயும் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. அச்சில் இருப்பது இது: 'ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால், அவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு.' *வலது* கன்னம். எதிரே நிற்பவரை வலது கையால் அறைவதாக நினைத்துப் பாருங்கள். உள்ளங்கை விழுவது அவருடைய இடது கன்னத்தில். வலது கன்னத்தில் விழ வேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்க முடியும். புறங்கை அடி வலியைவிட அவமானத்துக்காக அடிப்பது. உள்ளங்கை அறைக்கு 200 சூஸ், புறங்கை அறைக்கு 400 சூஸ் என்று மிஷ்னா அபராதத்தை இரட்டிப்பாக்குகிறது. சூஸ் என்பது அந்தக் காலத்து வெள்ளிக்காசு. 'வலது' என்ற மூன்றெழுத்தைச் சேர்த்துப் படித்தால் வசனம் வேறு முகம் காட்டுகிறது. உன்னைச் சிறுமைப்படுத்தப் புறங்கையை ஓங்கியவன் முன்னால் தலை குனியாதே, நேராக நின்று அடுத்த கன்னத்தைத் திருப்பு என்று சொல்வதாக நான் படிக்கிறேன்.

அதற்கு முந்தைய வசனம்தான் 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்'. அது யாத்திராகமம் 21இலிருந்து மேற்கோளாக வருவது. பழிவாங்கச் சொன்ன வார்த்தை என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓர் அளவு. ஆதியாகமத்தில் லாமேக்கு என்பவன் தனக்காக எழுபத்தேழு பழி என்று பெருமை பேசுகிறான். ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணோடு நிறுத்து, அதற்கு மேல் போகாதே என்று கட்டுவதுதான் அந்தச் சட்டம். பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் கல்வெட்டிலும் இதைப்போல ஒரு விதி உண்டு.

'வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது' என்று எங்கள் அத்தம்மா சொல்வார். நாங்கள் முஸ்லிம்கள். இது வேதாகமத்தில் இருப்பதாகத் தோழி சொல்கிறாள்.
- கீழக்கரை வாசகி

தோழி சொன்னதும் சரி, அத்தம்மா சொன்னதும் சரி. மத்தேயு 6:3இல் தர்மத்தைப் பற்றிப் பேசும்போது, 'உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது' என்று வருகிறது. வேறு நிழலே இல்லாத மறுமை நாளில் இறைவனின் நிழலைப் பெறும் ஏழு பேரைச் சொல்லும் நபிமொழியிலும் இதே கைகள் வருகின்றன. வலது கை செலவழித்தது இடது கைக்குத் தெரியாதபடி தர்மம் செய்தவர் அந்த ஏழு பேரில் ஒருவர். உங்கள் வீட்டுக்கு அது அந்த வழியில் வந்திருக்கும். தமிழில் இதைச் சொல்ல யாரும் எந்த மதம் என்று யோசிப்பதில்லை. ஆங்கிலத்தில் இதே வாக்கியத்தின் பொருள் கெட்டுப்போய்விட்டது. ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிவு செய்வது இன்னொரு பிரிவுக்குத் தெரியாத குளறுபடிக்கு அவர்கள் அதைச் சொல்கிறார்கள். நம்மிடம் தர்மத்தின் பொருளிலேயே இருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்.

'ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்', 'பசுத்தோல் போர்த்திய புலி' இரண்டும் ஒன்றா?
- திருவாரூர் வாசகர்

சொல்லும் பொருள் ஒன்று. ஓநாய் மத்தேயு 7:15இல் இருக்கிறது. கள்ளத் தீர்க்கதரிசிகள் ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு வருவார்கள், உள்ளே பட்சிக்கிற ஓநாய்கள் என்று. புலி என்றதும் பலர் திருக்குறளைக் காட்டுகிறார்கள். குறளைத் திறந்து பாருங்கள்:

வலியில் நிலைமையான் வல்லுருவம் பெற்றம்
புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று.

பெற்றம் என்றால் பசு. வள்ளுவர் சொல்வது *புலித்தோல் போர்த்திய பசு*. உள்ளே உறுதி இல்லாதவன் வெளியே தவக்கோலம் போட்டுக்கொள்வதைச் சொல்கிறார். பயிரை மேய வந்த பசு, யாரும் விரட்டக் கூடாதென்று புலித்தோலைப் போர்த்திக்கொண்டதாம். நம் வாயில் அது தலைகீழாகிவிட்டது. பேச்சில் எப்படியும் சொல்லுங்கள், குறள் என்று மேற்கோள் காட்டும்போது மட்டும் திருப்பிப் போடாதீர்கள்.

ஊசிக் காதில் ஒட்டகம் நுழைவது பற்றி எங்கள் போதகர், 'ஊசிக்கண்' என்று எருசலேமில் ஒரு சிறிய வாசல் இருந்தது என்றார். என் தம்பி, ஒட்டகம் இல்லை, வடக்கயிறு என்கிறான். எது சரி?
- மேட்டுப்பாளையம் வாசகர்

வசனம் மத்தேயு 19:24. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசிக் காதில் நுழைவது எளிது என்கிறார் இயேசு. உங்கள் போதகர் சொன்ன விளக்கம் இடைக்கால உரைகளிலிருந்து வருவது. அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்குச் சான்று கிடையாது. தம்பி சொல்வதும் பழைய விளக்கம்தான். கிரேக்கத்தில் ஒட்டகத்துக்கும் கயிற்றுக்கும் ஓரெழுத்து வித்தியாசம், அதைக் கண்டு எழுந்தது. இரண்டும் ஒட்டகத்தைச் சிறிதாக்கப் பார்க்கின்றன.

அடுத்த இரண்டு வசனங்களைப் படித்தால் சந்தேகம் தீரும். சீஷர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்கிறார்கள். குனிந்து நுழையக்கூடிய வாசலாக இருந்தால் அவர்கள் ஏன் இப்படித் திகைக்க வேண்டும்? அதற்கு வரும் பதில்: 'மனுஷரால் இது கூடாததுதான், தேவனாலே எல்லாம் கூடும்.' கூடாத ஒன்றைக் காட்டத்தான் அந்தப் பெரிய மிருகத்தையும் அந்தச் சின்னத் துவாரத்தையும் எடுத்தார். பாபிலோனிய யூதர்களின் தல்மூத் நூலில் இதே இடத்தில் யானை வருகிறது. ஊசித் துவாரத்தில் யானை போவதை யாரும் கனவில்கூடக் காண்பதில்லை என்று. குர்ஆனில் ஒட்டகம்தான், 7ஆம் அத்தியாயம், 40ஆம் வசனம்.

தமிழில் இதற்கு இன்னொரு சுகம் உண்டு. ஆங்கிலத்தில் ஊசிக்குக் கண், நமக்குக் காது. அந்தக் காதைக் கேட்டதுமே நமக்குப் பட்டினத்தார் வந்துவிடுவார். 'காதற்ற ஊசியும் வாராது காணும் கடைவழிக்கே.' காவிரிப்பூம்பட்டினத்துப் பெரும் வணிகர், ஓலைத் துணுக்கில் இந்த ஒரு வரியைப் படித்து எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டவர் என்பது கதை. ஒன்றில் ஊசிக்குக் காது இருக்கிறது, செல்வன் அதில் நுழைய முடியவில்லை. மற்றதில் காதே இல்லாத ஊசி, அதைக்கூடச் செல்வனால் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. எனக்கு இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்ப்பதில் இன்னும் ஆசை தீரவில்லை.

பண ஆசை, ஆதாம் ஏவாள், வெள்ளிவிழா: இவற்றுக்கும் வேதாகமத்துக்கும் சம்பந்தம் உண்டா?
- மதுரை வாசகர், ஒரே அஞ்சலட்டையில்

'பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர்' என்கிறார்கள். 1 தீமோத்தேயு 6:10இல் இருப்பது 'பண ஆசை'. அந்த ஆசையை விட்டுவிட்டுப் பணத்தின் மேல் பழி போடக் கூடாது. 'ஆதாம் ஏவாள் காலத்துச் சாமான்' என்று பரணில் கிடப்பதைச் சொல்கிறோம், அது தெரிந்த கதை.

வெள்ளிவிழாவுக்கு வருகிறேன். படம் 25 வாரம் ஓடினால் 'சில்வர் ஜூபிலி' என்று சுவரொட்டி ஒட்டிய காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஜூபிலி என்பது எபிரெயச் சொல்லில் தொடங்குகிறது. ஆட்டுக்கடாவின் கொம்பு, அதை ஊதும் ஓசை என்று பொருள். லேவியராகமம் 25இல் ஏழு ஏழு வருஷமாக நாற்பத்தொன்பது கழிந்து, ஐம்பதாம் வருஷம் தேசமெங்கும் எக்காளம் ஊத வேண்டும். தமிழ் வேதாகமத்தில் அது 'யூபிலி வருஷம்'. அந்த வருஷம் விதைக்கக் கூடாது. கடனுக்காக விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பிவிடும். அடிமையாய்ப் போனவன் தன் பிள்ளைகளோடு வீடு திரும்புவான்.

அங்கே ஒரு வாக்கியம் வருகிறது: 'நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்.' *அறுதி*, பத்திரம் எழுதுகிறவர்களின் சொல். ஒற்றிக்கு வைத்தால் மீட்கலாம், அறுதியாய்க் கொடுத்தால் போனது போனதுதான். அதை மெய்ப்பில் படித்த அன்று எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் அப்பா ஒற்றிக்கு வைத்த இரண்டு மரக்கால் விதைப்பாடு, மீட்க முடியாமல் அறுதியாய்ப் போன வருஷம் அது. எக்காளம் ஊதி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு சட்டத்தை எங்கோ ஒரு ஜனம் எழுதி வைத்திருக்கிறதே என்று அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருக்கும் விடுதலை மணியில் பொறித்திருப்பதும் அந்த அதிகாரத்தின் 10ஆம் வசனம்தான். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்டு நடந்த 'ஜூபிலி 2000' இயக்கம் பெயர் எடுத்ததும் அங்கிருந்துதான். நம் சுவரொட்டிக்கு வந்தபோது கொண்டாட்டம் மட்டும் வந்தது, நிலம் வரவில்லை.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 'பதினோராம் மணி நேரத்தில்', 'சுவரில் எழுதப்பட்டுவிட்டது' என்று எழுதலாமா?
- சென்னை வாசகர், வயது 24

எழுத வேண்டாம், தம்பி. வேதாகமச் சொற்கள் தமிழுக்கு இரண்டு வாசல் வழியாக வந்தன. ஒன்று தமிழ் வேதாகமம். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சில் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் பப்ரிசியுஸ், இரேனியுஸ், போவர் என்று கைமாறி வந்தது அந்த நடை. ஞாயிறுதோறும் உரக்கப் படிக்கப்பட்டு, காதில் தேய்ந்து, ஊர்ப்பேச்சோடு கலந்தது. இன்னொரு வாசல் ஆங்கிலச் செய்தி. அந்த வழியில் வந்தவை இன்னும் நொண்டுகின்றன.

நீங்கள் கேட்டவை இரண்டும் நொண்டுபவை. மத்தேயு 20இல் திராட்சத் தோட்டத்துக்காரர் காலையிலிருந்து ஆள் எடுக்கிறார். விடிந்ததிலிருந்து எண்ணும் கணக்கில் பதினோராம் மணி என்பது நமக்குச் சாயங்காலம் ஐந்து. அந்த நேரத்தில் வேலைக்கு வந்தவனுக்கும் நாள் முழுதும் வெயில் சுமந்தவனுக்கும் ஒரே கூலி, ஒரு பணம். கதையின் உயிர் அந்தக் கூலியில் இருக்கிறது. ஆங்கிலப் பேச்சு நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. உங்களுக்கு நேரம் மட்டும் வேண்டுமானால் 'கடைசி நேரத்தில்' போதும்.

சுவரெழுத்து என்றால் நம் ஊரில் தேர்தல் விளம்பரம். தானியேல் 5இல் பாபிலோன் ராஜா பெல்ஷாத்சாரின் விருந்தின் நடுவே ஒரு கை தோன்றி, 'மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்' என்று சுவரில் எழுதுகிறது. அதில் தெக்கேல் என்பதற்குத் தானியேல் சொல்லும் பொருளை எடுங்கள்: 'நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்.' தராசில் நிறுத்துப் பார்த்தார்கள், எடை குறைந்தது. கடைவீதிக்குப் போன எவருக்கும் புரியும். முடிவு நெருங்கிவிட்டது என்று சொல்ல நேர்ந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள், கொஞ்சம் கனமாகச் சொல்ல வேண்டுமானால் தராசை எடுங்கள்.

ஆறுமுக நாவலர் வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்பது உண்மையா?
- யாழ்ப்பாணத்து வாசகர்

உண்மை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்தார். 1850இல் அது அச்சில் வந்தது. சைவத்துக்காகவே வாழ்ந்தவர், ஒப்புக்கொண்ட வேலையில் சொல்லுக்குச் சொல் நேர்மையாக இருந்தார். ஆனாலும் தமிழ்நாட்டுச் சபைகளில் அந்தப் பதிப்பு நிலைக்கவில்லை. பப்ரிசியுஸின் நடை அவர்கள் காதில் ஊறியிருந்தது. பிறகு 1871இல் போவரின் பதிப்பு வந்து நிலைத்தது. காதில் ஊறியதை மாற்றுவது எத்தனை கஷ்டம் என்று மெய்ப்புக்காரனுக்குத் தெரியும்.

நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். என் மகள் பாடினால் மாமியார், 'பிள்ளைக்கு நல்ல தாலந்து, புதைச்சுப் போட்டுராதே' என்கிறார். தாலந்து என்றால் என்ன? அதை ஏன் புதைக்க வேண்டும்?
- கோவையில் பிறந்த வாசகி

மத்தேயு 25ஐ மாமியாரிடமே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். தூரதேசம் போகிற எஜமான் ஒருவன் ஊழியக்காரர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் பயந்துபோய்க் குழி தோண்டிப் புதைத்து வைக்கிறான்.

தாலந்து அங்கே ஓர் எடை. வெள்ளியில் அது ஆறாயிரம் பணம் பெறும். திராட்சத் தோட்டத்தில் நாள் கூலி ஒரு பணம் என்று பார்த்தோமே, அந்தக் கணக்கில் ஆறாயிரம் நாள் கூலி. ஒரு கூலிக்காரர் இருபது வருஷம் உழைக்க வேண்டும். 'ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது' என்று பரிதாபப்படுகிறோமே, அந்த ஒன்று இவ்வளவு. திறமை என்ற பொருள் இந்தக் கதையிலிருந்துதான் பிறந்தது. ஆங்கிலத்தின் 'டேலண்ட்' இதே சொல். 'டேலண்ட் ஷோ'வுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் உங்கள் மாமியார் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் படித்துக்காட்டிய அக்காவுக்கு நல்ல குரல். இருபத்தோரு வருஷம் அந்தக் குரல் மெய்ப்பு அறையின் நான்கு சுவருக்குள் கமாவும் அரைப்புள்ளியுமாகவே போனது. ஓய்வு பெறும் நாளன்று, "இந்தக் குரலை இப்படிப் புதைச்சுப்புட்டீங்களே அக்கா" என்று மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "யாரு சொன்னா? நீ கேட்டேல்லா தம்பி" என்றார்.